காரணம் என்ற கட்டம்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர், முகம் பார்த்ததில்லை. அங்கே இருந்த சர்வரை எடுத்துவிட்டார்களாம். இனி எல்லாக் கோப்பும் சென்னையில் இருக்கும் பெரிய மையத்தில் போய் உட்காருமாம். பழையதைக் கழிவுக்கு அனுப்பும் முன் அதைப் பற்றி அலுவலக மலரில் ஒரு பக்கம் போட வேண்டும் என்றார். "அந்த டிஸ்க் செத்துப்போனப்ப நீங்கதான் சார் உயிர் குடுத்தீங்களாமே, அத எழுதிக் குடுங்க."

உயிர் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பது உண்மைதான். அதைக் கெடுத்தவனும் நான்தான் என்று எழுதினால் மலரில் போடமாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கள்ளக்குறிச்சியில் இருக்கிறது, கல்வராயன் மலையில் இருப்பவர்களின் நில அனுபவம், குடும்ப விவரம் சம்பந்தப்பட்ட ஆவணங்கள் அங்கே சேமிக்கப்பட்டன என்பது போதும்.

நான் நைனார்பாளையத்துக்காரன். பாலிடெக்னிக் முடித்து, கொஞ்ச நாள் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் பாடம் நடத்தி, பிறகு டேட்டா என்ட்ரி ஆளாக அரசு வேலைக்கு வந்தேன். ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போன காலம் அது. லினக்ஸ் என்ற புது இயங்குதளம் வந்தபோது மற்றவர்கள் தொடமாட்டேன் என்றார்கள், நான் தொட்டேன். அதனால் சர்வர் ரூம் சாவி என்னிடம் வந்தது. பெரிய படிப்பெல்லாம் கிடையாது, கையைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

எனக்கு மேலே இருந்தவர் தேன்மொழி மேடம். நேரடித் தேர்வில் வந்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மாவட்டத்தில் பல அலுவலகங்களின் சர்வர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. முதலில் எனக்கு அவரைப் பிடிக்காது. எந்த அவசரத்துக்கும் அவர் அவசரப்படமாட்டார். மெஷினைத் திறக்கும் முன் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போடுவார். திரையில் என்ன பிழை வந்திருந்தாலும் முதலில் அதைப் போனில் படம் எடுப்பார், எடுத்த பிறகுதான் கீபோர்டைத் தொடுவார். நான் ஏதாவது சொன்னால், "இதுல உங்களுக்குத் தெரிஞ்சது எது, நீங்க நினைக்கிறது எது? ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுங்க சார்" என்பார். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு சர்வர் ரூமிலும் அவர் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார். தேதி, செய்த வேலை, செய்தவர், காரணம் என்று நான்கு கட்டம். ஒரு ஸ்க்ரூவை மாற்றினாலும் அதில் எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் சும்மா எதையாவது எழுதிவிட முடியாது. தெரியாவிட்டால் காலியாக விடச் சொல்வார். "காலியா இருந்தா என்னைக்காவது ஒருத்தர் வந்து தேடுவார். தப்பா நிரப்பிட்டா யாரும் தேடமாட்டாங்க."

ஒரு முறை சங்கராபுரம் பக்கத்தில் ஒரு அலுவலக சர்வர் படுத்துவிட்டது. நான் மட்டும் போயிருந்தேன். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்து, அது கேட்கும் எல்லாக் கேள்விக்கும் "சரி" என்று பதில் சொல்லும்படி விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாதிக் கோப்புகளை அது வெட்டி எறிந்திருந்தது. டிஸ்க்கிலேயே பழுது இருந்திருக்கிறது, பழுதான இடத்தைப் பார்த்துப் பார்த்து நல்லதையும் கெட்டது என்று முடிவு கட்டிவிட்டது. மேடம் திட்டவில்லை. "வைத்தியம் பாக்கறதுக்கு முன்னாடி நோயாளிக்கு ஒரு நகல் எடுத்து வச்சுக்க முடியும்னா எந்த டாக்டர் சார் வேணாம்பார்? நமக்கு அந்த வசதி இருக்கு, நாம எடுக்கறதில்ல" என்றார். அதற்குப் பிறகு நகல் எடுக்காமல் நான் எந்த டிஸ்க்கையும் தொட்டதில்லை. அந்தப் பாடம் பதிந்துவிட்டது, நோட்டில் எழுதும் பாடம் பதியவில்லை.

இனி வெள்ளையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தின் அட்டெண்டர். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூர்க்காரர். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒப்பந்த வேலை, வருடா வருடம் நீட்டிப்பார்கள். நிரந்தரம் ஆக்கும் கோப்பு எங்கேயோ நகர்ந்துகொண்டிருந்தது. அவர் ஊரிலிருந்து ஒரு அலுவலகத்துக்குள் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். தேய்த்த சட்டை இல்லாமல் வரமாட்டார். மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் ஜன்னலைப் பார்த்து மிரண்டு நின்றால், அவர்தான் தோளைத் தொட்டு வரிசையில் நிறுத்துவார்.

அந்த வருடம் மலையில் முகாம் போட்டோம். ஊர் ஊராகப் போய், எந்தக் காட்டை யார் எத்தனை தலைமுறையாக உழுகிறார்கள் என்று பெரியவர்களிடம் வாக்குமூலம் வாங்கினோம். தாள் கிடையாது. லேப்டாப்பிலேயே தட்டச்சு, அதிலேயே படம், அதிலேயே கைரேகை. கையில் ஒரு சீட்டு மட்டும் கொடுத்தோம். மக்கள் நம்பவில்லை. கைநாட்டு வைத்த தாளைக் கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்றார்கள். வெள்ளையன்தான் முன்னால் நின்று பேசினார்.

"தாள கரையான் தின்னுடும், மழைல நனைஞ்சிடும். இதுல ஏத்திட்டா இன்னா ஆனாலும் அழியாது. நான் அங்கதான இருக்கறேன், என்னை நம்பி வைங்க" என்றார். அவரை நம்பித்தான் வைத்தார்கள்.

முகாம் கோப்புகளை சர்வரில் ஏற்றி, லேப்டாப்புகளைத் துடைத்து அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டோம். மாற்று டிஸ்க்கில் எடுத்து வைத்த நகல், முகாமுக்கு முந்தியது. புதிதாக எடுக்க வேண்டியது என் வேலை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அதற்குச் சில மாதம் முன்னால் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதைப் புரியவைக்க ஃபைல் சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் இருந்து எல்லா வேலையையும் பங்கிட்டுக் கொடுக்கும் நிரலுக்குக் கர்னல் என்று பெயர். டிஸ்க்கில் ஒன்றை எழுதும் முன், இன்னதை இன்ன இடத்தில் எழுதப்போகிறேன் என்று அது தனியாக ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனாலும், எழுந்ததும் குறிப்பைப் பார்த்து விட்ட வேலையைச் சரிசெய்துவிடும். ஆனால் டிஸ்க்குக்கு ஒரு கெட்ட பழக்கம். கொடுத்ததைத் தன்னிடம் இருக்கும் சின்ன நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதிட்டேன்" என்று பொய் சொல்லும். பிறகு தன் வசதிப்படி முன்னும் பின்னுமாக எழுதும். அதனால் கர்னல் ஒவ்வொரு குறிப்பின் போதும் நின்று, உண்மையிலேயே எழுதி முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போவேன் என்று டிஸ்க்கைக் கட்டாயப்படுத்தும். இந்தக் கட்டாயத்துக்கு நேரம் பிடிக்கும்.

எங்கள் சர்வர் மிகவும் மெதுவாக இருந்தது. ஒரு விண்ணப்பத்தைச் சேமித்தால் திரை அப்படியே நிற்கும். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் தவிப்பார்கள். அந்தச் சமயத்தில் புது யூபிஎஸ் வந்தது, புது பேட்டரி. இனிமேல் கரண்ட் போனாலும் சர்வருக்குத் தெரியாது, பிறகு எதற்கு இந்தக் கட்டாயம் என்று நினைத்தேன். டிஸ்க்குகளை எப்படித் திறக்க வேண்டும் என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். கட்டாயம் நின்றது. ஜன்னலில் வரிசை மடமடவென்று நகர்ந்தது. அலுவலகத் தலைமையில் இருந்த அலுவலர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வெள்ளையன் கேட்காமலே டீ வாங்கி வந்து வைத்தார். ஒரு சொல்தானே என்று நோட்டில் எழுதவில்லை. எழுதினால் மேடம் ஏன் என்று கேட்பார் என்பதும் ஒரு காரணம்.

எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூசையைத் தவறாமல் கொண்டாடுவோம். விடுமுறைக்கு முந்திய வேலை நாளில், மதியத்துக்கு மேல் எல்லா மெஷினையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வாசலில் வாழைக்கன்று, பொரி கடலை, கடைசியில் பூசணிக்காய். கருவி ஓய்ந்திருக்கும்போதுதான் அதற்குப் பூசை, ஓடும் மெஷினுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. எனக்கும்தான். சந்தனக் கிண்ணத்தோடு போவது வருடா வருடம் வெள்ளையன்.

அன்று ஆபரேட்டர்கள் பூசை மணி அடிக்கும் வரை மலைக் கோப்புகளை ஊர் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம், கையில் பையோடு நின்றேன்.

"சார், சர்வர் ரூம்லயும் பொட்டு வைக்கணும். அதையும் அமத்திடலாங்களா?"

"எல்லாத்தையும் அமத்திட்டு வையி வெள்ளையா. ஓடிக்கினு இருக்கிறதுக்கு வைக்கக்கூடாது."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அவர் யூபிஎஸ்ஸின் சுவிட்சை அழுத்தினார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் அணைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் விடுமுறை முடிந்து சர்வரைப் போடும்போது, குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன் என்று கர்னல் ஒரு வரி காட்டும், நான் பார்ப்பேன். சர்வரை அப்படி அணைக்கக் கூடாது, முதலில் கட்டளை கொடுக்க வேண்டும் என்று ஒரு முறைகூட நான் அவருக்குச் சொன்னதில்லை.

விடுமுறை முடிந்து காலையில் சர்வரைப் போட்டேன். ஆவணங்கள் இருக்கும் பகுதியைத் திறக்கும் இடத்தில் திரை முழுக்க எண்கள் ஓடி, அடியில் கர்னல் பேனிக் என்று நின்றுவிட்டது. மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கர்னல் தன்னையே நிறுத்திக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள். திரும்பப் போட்டேன், மறுபடியும் அதே இடம். பெட்டியின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

அலுவலர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "யார்யா இத அணைச்சது?"

வெள்ளையன் உடனே முன்னால் வந்தார். "நான்தாங்க. எப்பயும் போலதாங்க அமத்துனேன்."

அலுவலர் அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம். நான் சொல்லித்தான் அணைத்தார் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மேடம் பதினோரு மணிக்கு வந்தார். வாட்சைக் கழற்றினார், திரையைப் படம் எடுத்தார். டிஸ்க்கை வெளியே எடுத்து, அதில் எதையும் எழுத முடியாதபடி இன்னொரு மெஷினில் மாட்டி, அப்படியே முழு நகல் எடுக்க ஆரம்பித்தார். அதற்கே அன்றைய பொழுது முழுவதும் போயிற்று. மறுநாள் அசல் டிஸ்க்கை உறையில் போட்டு, ஒட்டி, மேலே என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லிப் பீரோவில் வைத்தார். நகலுக்கும் ஒரு நகல் எடுத்தோம். அதன் மேல், எதையும் மாற்றாதே, பார்த்துச் சொல் மட்டும் என்ற முறையில் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டினோம். வரி வரியாக வந்ததை அவர் சத்தமாகப் படித்தார். கோப்புகள் இருந்தன. எந்தக் கோப்பு எந்த ஊருடையது, அதன் பெயர் என்ன என்று சொல்லும் பட்டியல்கள் இருந்த இடத்தில் வேறு எதுவோ எழுதப்பட்டிருந்தது. யார் எழுதியது என்று பார்த்தால், கர்னலே எழுதியிருந்தது. தன் குறிப்பை நம்பி, அரைகுறையாக இருந்த குறிப்பை நிஜம் என்று எடுத்துக்கொண்டு, நல்ல இடத்தின் மேல் குப்பையைக் கொட்டியிருந்தது.

சிஸ்டம் பகுதியைப் பார்ப்பது என் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். நகலில் அந்தச் சின்னக் கோப்பைத் திறந்தேன். நான் சேர்த்த சொல் அங்கேயே இருந்தது. குறிப்பு அரைகுறையாக நின்றதற்குக் காரணம் அதுதான் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பை மூடினேன்.

அன்று மாலை என் அறிக்கையில், மின் இணைப்பு திடீரெனத் துண்டிக்கப்பட்டதே காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போன வருஷம் பூசைக்கும் இப்படித்தானே அணைச்சாங்க?"

"ஆமாங்க மேடம்."

"பழைய யூபிஎஸ் இருந்தப்ப வாரத்துக்கு ஒரு தடவையாவது விழுந்திருக்கு. லாக்ல இருக்கு. அப்பல்லாம் தானே எழுந்துக்கிச்சு. இந்தத் தடவை மட்டும் ஏன் எழுந்துக்கல?"

"டிஸ்க் பழசுங்க மேடம்."

"அது தெரிஞ்சதா, நினைக்கிறதா?"

திருப்பிக் கொடுத்த அறிக்கையை மடித்தேன். எனக்கு அப்போது ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது. ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பு வந்தால் எல்லாம் நின்றுவிடும் என்ற பயம். பயந்தேன், அவ்வளவுதான், வேறு நியாயம் எதுவும் சொல்ல என்னிடம் இல்லை. மேடம் நோட்டில் தேதி, வேலை, செய்தவர் எல்லாம் எழுதினார். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.

நகலின் நகலைச் சரிசெய்து முடித்தபோது, பெயர் தொலைந்த கோப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயருக்குப் பதில் வெறும் எண். திறந்தால் ஒரு முகம். சிலவற்றில் முகமும் வாக்குமூலமும் முழுதாக இருந்தன. பலவற்றில் பாதி முகத்துக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. யார், எந்த ஊர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மேடம் வெள்ளையனைக் கூப்பிட்டு எங்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அலுவலகத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"இது எங்க ஊட்டுக்கு மேக்கால இருக்கிற சடையன் மாமாங்க. கண்ணு ஒண்ணு கம்மி. இது அவுரு தம்பி, இல்ல இல்ல, தம்பி காது இப்டி இருக்காது. இது பெரியவருதாங்க."

மூன்று நாள் அப்படி உட்கார்ந்தார். நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்த படத்தைப் பார்த்து இன்னார் என்றார். துண்டு கட்டியிருக்கும் விதத்தை வைத்து ஊரைச் சொன்னார். ஒரு கிழவியின் படம் வந்தபோது மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"முகாம் முடிஞ்சு பத்து நாள்ல தவறிப்போச்சுங்க இந்தம்மா. கடைசியா புடிச்ச போட்டோ இதாங்க" என்றார். அந்தக் கோப்பில் வாக்குமூலம் இல்லை. படம் மட்டும்தான் மீண்டிருந்தது. அவர் சொல்லச் சொல்லப் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவன் நான். ஒவ்வொரு பெயருக்கும் நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும், அடுத்த எண்ணைத் திறப்பேன். பெரும்பாலானவை திரும்பின. அவருடைய சொந்த ஊரின் கோப்புகளில்தான் இழப்பு அதிகம், பூசை மணி அடித்தபோது ஆபரேட்டர்கள் பிரித்துக்கொண்டிருந்தது அந்த ஊரைத்தான்.

நான்காம் நாள் அலுவலர் வெள்ளையனுக்கு மெமோ கொடுத்தார். அனுமதியின்றி சர்வரை அணைத்தது ஏன், இரண்டு நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். வெள்ளையன் அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். எங்கள் அலுவலகத்தில் அட்டெண்டர்களுக்கு லீவு லெட்டரிலிருந்து விளக்கக் கடிதம் வரை நான்தான் எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர்.

"சார், நீங்களே எழுதிக் குடுங்க. எனக்குப் பேரு மட்டுந்தான் எழுத வரும். தப்புன்னு ஒத்துக்கிறேன்னே எழுதுங்க சார், எதுத்துப் பேசுன மாதிரி இருக்க வாணாம். சாமிக்கு வைக்கிற நாள்ல இப்டி ஆயிடுச்சேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. அந்தச் சனங்களுக்கு நான் இன்னா சொல்லுவேன்?"

எழுதினேன். "நான் அறியாமையால் செய்த தவறினால் சர்வர் பழுதடைந்தது. இனி இவ்வாறு நடக்காது. கருணையுடன் மன்னிக்க வேண்டுகிறேன்." என்னுடைய நல்ல கையெழுத்தில், வரி கோணாமல். அவர் அடியில் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். எழுதிவிட்டு என்னைக் கும்பிட்டார்.

முப்பத்து மூன்று வருட வேலையில் நான் செய்த தவறுகள் எத்தனையோ உண்டு. சர்வரில் அந்தச் சொல்லைச் சேர்த்ததைக்கூட அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்வேன். இந்தக் கடிதத்தைத் தெரிந்து எழுதினேன்.

கடிதத்தைக் கொடுத்தால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நாளில் உத்தரவு வந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வெள்ளையன் தன் தட்டையும் டம்ளரையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். சர்வர் ரூம் வாசலில் வந்து, "வரேங்க சார்" என்றார். மெஷினைப் பார்த்தும் ஒரு முறை கும்பிட்டார்.

மறுநாள் காலையில் மேடத்தின் அறைக்குப் போனேன். நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீரோவிலிருந்து உறையைப் பிரித்து, அசல் டிஸ்க்கை எழுத முடியாதபடி மாட்டி, அந்தக் கோப்பைத் திறந்து தன் கண்ணால் பார்த்தார். பிறகு நோட்டை என் பக்கம் நகர்த்தினார். காலியாக இருந்த கட்டத்தில், எழுதும் வேகத்தைக் கூட்டுவதற்காகப் பாதுகாப்பு அமைப்பு நீக்கப்பட்டிருந்தது என்று எழுதினேன்.

"யார் நீக்கினது?" என்றார்.

அதையும் எழுதினேன். சர்வரை அணைக்கச் சொன்னதும் நான் என்று எழுதினேன். இந்த முறை வரி கோணியது.

"பத்து நாள் முன்னாடியே வந்திருக்கலாம் சார்" என்றார் மேடம். "எதையோ மறைக்கிறீங்கன்னு எனக்குப் பட்டுது. நினைக்கிறதுதானே, தெரிஞ்சது இல்லையேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு." அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அறிக்கை மேலே போனது. எனக்குப் பதவி உயர்வு நின்றது, ஒரு கண்டனக் கடிதம் வந்தது. ஓய்வூதியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளையனுக்காக மேடமும் நானும் அலுவலரிடம் மூன்று முறை போனோம். அவர் கோப்பைத் திறந்து அந்தக் கடிதத்தைக் காட்டினார். "அவரே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்காரே. இத வச்சுக்கிட்டு நான் எப்படி மேல எழுதறது?" அதை எழுதியவன் நான் என்றேன். "கையெழுத்து அவரோடதுதானே" என்றார். அந்த இடத்துக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார்.

பதிவுகள் தொலைந்த ஊர்களுக்கு மறுபடி முகாம் போடலாம் என்று அனுமதி வந்தது. அதைச் சொல்ல மலைக்குப் போக வேண்டும், நான் போகிறேன் என்றேன். கச்சிராயபாளையம் வழியாக பஸ் மலை ஏறியது. வெள்ளிமலையில் இறங்கி, ஒரு சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். வெள்ளையன் வீட்டு முன்னால் கடுக்காய் காய வைத்துக்கொண்டிருந்தார். தேய்க்காத சட்டை. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

"அதுக்கு மனசு சரியில்லங்க சார். தண்ணி புடிக்கப் போனா, உன் வூட்டுக்காரன் அழிச்சிட்டானேன்னு கேக்குறாங்க. என்னையும் யாரும் ஒண்ணுக்கும் கூப்புடறதில்ல. அந்தம்மா தவறிப்போச்சின்னேன் பாருங்க, அது மவன் என்னைப் பாத்தா மொகத்த திருப்பிக்கினு போறான். நாந்தான வைங்க வைங்கன்னேன்."

சொன்னேன். நான் சேர்த்த சொல், அது என்ன செய்தது, அவர் அணைத்ததால் மட்டும் அது கெடவில்லை, நான் அதைத் தொடாமல் இருந்திருந்தால் எப்போதும் போல எழுந்திருக்கும் என்று அவருக்குப் புரியும்படி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கடுக்காயைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கடுதாசி நீங்கதான சார் எழுதுனீங்க?"

"ஆமாம்."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் வெள்ளையா."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எழுந்து, "வாங்க சார்" என்று முன்னால் நடந்தார். வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டார். சிலர் வந்தார்கள், சிலர் வேலியோரம் நின்று பார்த்தார்கள். கோயிலுக்கு எதிரே இருந்த வெட்டவெளியில் ஒரு முப்பது பேர் கூடினார்கள். படத்தில் பார்த்த முகங்கள். கண் ஒன்று கம்மியான சடையன் மாமாவை எனக்கு அடையாளம் தெரிந்தது. இறந்துபோன அம்மாவின் மகன் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளையன் மனைவியும் வந்து ஓரமாக நின்றார்.

"எனக்குச் சொன்னத இவங்களுக்குச் சொல்லுங்க சார்" என்றார் வெள்ளையன்.

மெஷினைப் பற்றி இவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில், "உங்க பதிவு அழிஞ்சதுக்கு வெள்ளையன் காரணம் இல்லைங்க. நான் செஞ்ச தப்பு. தப்ப மறைச்சு அவர் மேல போட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வெள்ளையன் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தபா சொல்லுங்க சார்" என்றார். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

சொன்னேன்.